நாயின் நாக்கும் புழுவின் நியாயமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெற்கு பிரான்ஸில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் மூன்று பைன் மரங்கள் உள்ளன. மூன்றிலும் பஞ்சுப் பொதிபோல வெள்ளைக் கூடுகள். ஊர்வல அந்துப்பூச்சியின் புழுக்கள் என்றார்கள். சென்ற வாரம் அவை வரிசையாக இறங்கித் தரையில் ஊர்ந்தபோது பக்கத்து வீட்டு நாய் முகர்ந்து பார்த்து, நாக்கின் நுனியை இழந்துவிட்டது. உடனே மருந்தடிக்க வேண்டும், இல்லையென்றால் மரங்களை வெட்ட வேண்டும் என்று ஒரு மனுவில் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடவில்லை. ஒரு நாய்க்காக ஆயிரக்கணக்கான உயிர்களை அழிப்பதா? நீளமான கழியால் ஒரு கூட்டைத் தட்டி என் மகளுக்குக் காட்டினேன், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டியின் விளிம்பில் சுற்றிச் சுற்றியே பட்டினியால் செத்த ஊர்வலப் புழுக்களின் கதையைச் சொன்னேன், அழுதுவிட்டாள். அவற்றுக்கு வலிக்குமா என்றும் கேட்டாள். உண்மையில் மனிதன்தானே இந்தப் பூமியின் பீடை? இவற்றைப் பீடை என்று அழைப்பது நியாயமா? நான் கையெழுத்திட வேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கழியைக் கீழே போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். காற்று எதிர்ப்பக்கம் வீசியிருக்கும், அவ்வளவுதான். புழுவின் மேல் நீளமாகத் தெரிகிற ரோமங்கள் அரிப்பவை அல்ல. அரிப்பது கண்ணுக்குப் புலப்படாத வேறொன்று. இந்தப் புழு ஐந்து பருவங்களைக் கடந்து முற்றுகிறது. மூன்றாம் பருவத்திலிருந்து அதன் முதுகுக் கண்டங்களில் சின்னச் சின்ன மடிப்புகள் உருவாகின்றன. அவற்றுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ நீளமுள்ள சுணைகள் நெருக்கியடித்து நிற்கும். முற்றிய புழு ஒன்றில் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு சுணையும் எதிர்முள் வைத்த ஈட்டி. அடியில் பிடிப்பே கிடையாது. சீண்டினால் மடிப்பு விரியும், சுணை காற்றில் கலக்கும். தோலில் குத்தியதும் அதிலுள்ள தாமெட்டோபோயின் என்ற புரதம் வேலையைத் தொடங்கிவிடும். சொறிந்தால் எதிர்முள் இன்னும் உள்ளே இறங்கும். சுணை உடைந்தால் கசிவு கூடும்.

நீங்கள் தட்டியது இந்தச் சுணைகளின் களஞ்சியத்தை. புழுக்கள் அதற்குள் இருந்துகொண்டுதான் குளிர்காலம் முழுக்கச் சட்டை உரிக்கின்றன. உரித்த ஒவ்வொரு சட்டையிலும் சுணை உண்டு. புழு எல்லாம் இறங்கிப்போன காலிக் கூடுகூட மறுவருடம் வரை அரிக்கும். அன்று நீங்களும் மகளும் உடுத்தியிருந்த துணிகளை உதறாமல் தனியாக எடுத்து 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இது பழகப் பழகக் குறைகிற அரிப்பு இல்லை. முதல் முறை ஒன்றும் ஆகாதவருக்கு நான்காம் முறை முகமே வீங்கலாம். உடல் அந்தப் புரதத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பெரிதாகச் சண்டை போடும். காட்டுவேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சுணை பட்டது உறுதியென்றால் தேய்க்காதீர்கள். ஒட்டுநாடாவைத் தோலில் அழுத்தி உரித்தெடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் குளியுங்கள். கண்ணில் பட்டால் நீரூற்றிக் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போகவேண்டும். சுணை விழிப்படலத்தைத் துளைத்து உள்ளே நகரக்கூடியது.

அடுத்தது, 'ஒரு நாய்க்காக' என்று எழுதினீர்களே, அது. கருணையைப் பற்றி எழுதுகிறவர் எழுதக்கூடாத வரி. நாய் உலகத்தை மூக்காலும் நாக்காலும் அறிகிறது. ஊர்வலத்தை முகர்ந்த சில நிமிடங்களில் எச்சில் வடியும், நாக்கு தடிக்கும், நீலம் பாயும். அதன்பின் சில நாட்களில் அந்தத் தசை கறுத்து உதிரும். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அடுத்த நாய்க்கு என்ன செய்வது என்றாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: கையுறை போட்டுக்கொண்டு, நாயின் தலையைத் தாழ்த்திப் பிடித்து, நீர் உள்ளே போகாமல் வெளியே வழியும்படி ஏராளமாக ஊற்றிக் கழுவ வேண்டும். துணியால் துடைக்கக்கூடாது, தேய்த்தால் சுணை உடையும். 'வீக்கம் வடிகிறதா பார்ப்போம்' என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடவேண்டும். நாக்கு தப்புவது முதல் சில மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

உங்கள் மகள் அழுதாள் என்பது மட்டும் என்னைத் தொட்டது. அவளிடம் போய்ச் சொல்லுங்கள்: அந்தப் புழுக்கள் சாகவில்லை.

1896 ஜனவரி 30, நண்பகலுக்குச் சற்று முன். தெற்கு பிரான்ஸின் செரிஞான் ஊரில் பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபாப்ர் தன் தோட்டத்துப் பெரிய தொட்டி ஒன்றின் விளிம்பில் ஏறிய வரிசை, தன் வாலைத் தானே பிடித்து வட்டமாவதைப் பார்த்தார். பின்னால் ஏறிவந்தவற்றை விலக்கினார். அவை ஏறும்போது விட்டுவந்த பட்டுநூல் தடத்தைத் துடைத்தார். புழுக்கள் செக்குமாடுகளாயின. ஓய்ந்து கிடந்த நேரம் போக அவை நடந்தது 84 மணி நேரம், 335 சுற்று, 453 மீட்டர் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார். கூடும் ஊசியிலையும் ஒன்றரை அடி தூரத்தில்தான். ஆனால் குளிரிலும் களைப்பிலும் வரிசை அங்கங்கே அறுந்தது. அறுந்த துண்டின் தலையில் நின்ற புழு தடம்மாறிப் புதுவழி போட்டது. எட்டாம் நாள் இறங்கத் தொடங்கி, மாலைக்குள் கூடு சேர்ந்துவிட்டன. அவற்றைப் பட்டினி போட்டுக் கொன்றவர்கள் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள். 'கண்மூடித்தனமாகப் பின்பற்றாதே' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. அதை நீங்களும் சரிபார்க்காமல் அப்படியே பின்பற்றி மகளிடம் ஒப்பித்திருக்கிறீர்கள்.

அதை முட்டாள்தனம் என்பதும் பொருந்தாது. முன்னால் போகும் புழுவின் பின்நுனி ரோமம் தன் தலையில் படுகிறவரை பின்னால் வருவது நடக்கும். அந்தத் தொடுகைதான் முக்கியம், பட்டுத்தடமும் மணமும் அதற்கு அடுத்தபடி. மரத்தில் இந்த விதி பிசகவே பிசகாது. கிளைகள் பிரிந்துகொண்டே போகுமே தவிர வட்டமாக மூடிக்கொள்ளாது. இரவில் இலை தின்னப் போன புழு, தடத்தைப் பிடித்தால் விடிவதற்குள் கூட்டில் இருக்கும். வட்டவிளிம்புத் தொட்டி நாம் செய்தது.

வலியைப் பற்றிய கேள்வியைத் தள்ளிவைக்கிறேன். இரண்டு வரியில் பதில் சொன்னால் பொய்யாகிவிடும். 'மனிதன்தான் பீடை' என்பதற்கோ பதிலே கிடையாது. பெயர் சூட்டுவது தவறென்று புறப்பட்ட நீங்கள், அதே பெயரைப் பிய்த்து இன்னொருவர் நெற்றியில் ஒட்டுகிறீர்கள். இந்த வாக்கியத்தைச் சொல்கிற யாரும் அதில் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

இவ்வளவு கோபத்தோடு ஏன் பதில் எழுதுகிறேன் என்றால், உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தேன். பூச்சிமருந்து. இருமல் மருந்து இருமலைப் போக்கும். தலைவலி மருந்து தலைவலியைப் போக்கும். பூச்சிமருந்து பூச்சியைப் போக்கும். சொல்லின் அமைப்பிலேயே பூச்சி நோயின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது! செடியில் 'பூச்சி விழுந்துவிட்டது' என்கிறோம். அதே செடியின் பூவுக்குத் தேனீ வந்தால் அப்படிச் சொல்வதில்லை, அதுவும் பூச்சிதான். தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கியது: கறையானுக்கும் எறும்புக்கும் மூன்றறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு. நமக்கு நன்மை செய்வது, தீமை செய்வது என்ற அடுக்கு அங்கே இல்லை. அது பின்னால் வந்தது. வந்து, சொல்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

இலங்கைத் தமிழில் பீடைநாசினி என்பார்கள். எனக்கு அது ஒருபடி நேர்மையான சொல்லாகப் படுகிறது, பூச்சியின் குலத்தையே இழுக்கவில்லை. பீடை என்றால் துன்பம். துன்பம் படுகிறவருடையது. பசியை யாரும் சோற்றின் குணம் என்று சொல்வதில்லை. அதுபோலத்தான் பீடையும். யாருக்கு, எங்கே, எப்போது, எவ்வளவு என்ற நான்கையும் சொல்லாமல் ஓர் உயிரைப் பீடை என்பது பாதி வாக்கியம்.

இதைக் கவித்துவமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பூச்சியியலின் அடிப்படைக் கணக்கே இதுதான். 1959இல் கலிஃபோர்னியாவின் நான்கு பூச்சியியலாளர்கள், ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன், ஒரு கட்டுரையில் இதை எழுதிவைத்தார்கள். பூச்சி இருப்பது பிரச்சினை இல்லை. அதன் எண்ணிக்கை எந்த அளவைத் தாண்டினால் அது செய்யும் சேதம், அதைத் தடுக்கும் செலவுக்கு மேலே போகிறதோ, அந்த அளவுதான் கணக்கு. அதற்குக் கீழே இருக்கும்வரை அது வயலில் வாழும் ஓர் உயிர். அதே இனம், அதே வயல், அடுத்த மாதம் வேறு பெயர்.

இந்தக் கணக்கை உங்கள் புழுவுக்குப் போட்டுப் பாருங்கள். காட்டில் ஒரு முதிர்ந்த பைன் மரத்தை இது கொல்வது அபூர்வம். காரணம் எளிது. புழு தின்பது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். மரம் புதுத்தளிர் விடுவது வசந்தத்தில். புழு மண்ணுக்கு இறங்கியபின்தான் மொட்டு விரிகிறது. மொட்டை அது தொடுவதில்லை. இலையிழந்து வெறுமையாகத் தெரிந்த மரம் கோடையில் பச்சைபிடிக்கும், ஓரிரு வருட வளர்த்திதான் குறையும். இளங்கன்றுகளும் ஏற்கெனவே வறட்சியில் வாடிய மரங்களும்தான் சிரமப்படும். ஆகவே நடுக்காட்டில் ஒரு மரத்தில் பல கூடுகள் இருந்தாலும் தாங்கும். பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு கூடு என்பதே அதிகம், அங்கே குழந்தைகளின் கண் இருக்கிறது. புழு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

உங்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சவோய் நாட்டின் மோரியன் பள்ளத்தாக்கில் சான் ழுலியான் என்ற ஊர். அங்கே திராட்சைக் கொடிகளைக் கூன்வண்டுகள் தின்றன. ஊர்க்காரர்கள் ஆயரின் நீதிமன்றத்தில் வண்டுகள் மேல் வழக்குப் போட்டார்கள். முதல்தடவை, 1540களில், பிரார்த்தனை செய்யுங்கள், திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி ஊர்வலம் போங்கள் என்று உத்தரவானது. ஆம், அன்று ஊர்வலம் போனவர்கள் மனிதர்கள். வண்டுகள் அடங்கின. நாற்பதாண்டு கழித்து மறுபடி பெருகின. 1587இல் மறுபடி வழக்கு. இந்த முறையும் வண்டுகளுக்கு நீதிமன்றமே வக்கீல் வைத்துக்கொடுத்தது.

அந்த வக்கீல் சும்மா வரவில்லை. விலங்குகள் மனிதனுக்கு முன்பே படைக்கப்பட்டவை, பச்சிலைகளை அவற்றுக்கு உணவாகக் கொடுத்தது கடவுள், என் கட்சிக்காரர்கள் தமக்குக் கொடுத்ததைத் தின்கிறார்கள், இதில் குற்றம் எங்கே என்று வாதாடினார். ஊர்க்காரர்கள் இறங்கிவந்தார்கள். ஜூன் மாத இறுதியில் கூட்டம் போட்டு, தோட்டங்களுக்கு வெளியே ஒரு நிலத்தை வண்டுகளுக்கென்றே எழுதிக்கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் அந்த வழியே நடந்துபோகும் உரிமையும், போர் வந்தால் அங்கே ஒதுங்கும் உரிமையும் எங்களுக்கு வேண்டும் என்று நிபந்தனை. வண்டுகளின் தரப்பு நிலத்தைப் பார்த்துவிட்டு மறுத்தது: தரிசு, தின்ன ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் வழக்கு நடந்தது. தீர்ப்பு என்ன என்று தெரியாது, ஏனென்றால் ஆவணத்தின் கடைசி ஏட்டை எலியோ பூச்சியோ அரித்துவிட்டது.

எல்லோரும் சிரிக்கிற கதை இது. சிரித்துவிட்டு உங்கள் குடியிருப்பின் மனுவை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 1587இல் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வண்டு, எந்தப் பருவம், என்ன சேதம் என்று எல்லாம் எழுதப்பட்டது. எதிர்த்தரப்பு கேட்கப்பட்டது. மாற்றிடம் யோசிக்கப்பட்டது. உங்கள் மனுவில் என்ன இருக்கிறது? 'மருந்தடி, இல்லையென்றால் மரத்தை வெட்டு.' எத்தனை கூடு என்றுகூட எண்ணவில்லை. நானூறு வருடம் முன்பு வண்டுக்குக் கிடைத்த விசாரணை இன்று மரத்துக்குக்கூடக் கிடையாது.

இன்னும் பின்னால் போனால் ரோமானியர்கள் இதைவிடத் தெளிவு. பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில், 533ஆம் ஆண்டு, நஞ்சுகளைக் கண்டபடி விற்கும் வாசனைத்திரவிய வணிகர்களுக்குத் தண்டனை சொல்லும் இடத்தில் ஒரு பட்டியல் வருகிறது. அதில் இந்தப் பைன் புழு இருக்கிறது, பெயர் சொல்லி. இன்றைய அறிவியல் பெயரின் பின்பாதியும் அதே பிட்யோகாம்பாதான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது புழு இல்லை, விற்றவன்.

நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தையும் படியுங்கள். 2016 ஆகஸ்டில் பிரான்ஸ் தன் வேட்டைச் சட்டத்திலிருந்து 'கேடு செய்பவை' என்று பொருள்படும் பழைய சொல்லை எடுத்துவிட்டு, 'சேதம் விளைவிக்கக்கூடிய இனங்கள்' என்று மாற்றியது. பெயர் மாறியது. செந்நரிக்கு வைக்கும் பொறி மாறவில்லை. ஓக் விதைகளைப் புதைத்துப் புதைத்துக் காடு வளர்க்கிற ஜே பறவை பெயர் மாறியபின்னும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. பெயரை மட்டும் நாகரிகமாக்கினால் இதுதான் நடக்கும். ஆனாலும் அந்தப் பட்டியலில் ஒரு நல்ல குணம் உண்டு. மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயருக்கு எல்லையும் காலாவதித் தேதியும் இருக்கிறது. உங்கள் புழு வந்தது வேறு வழியில். 2022 ஏப்ரல் ஆணை, பைன் ஊர்வலப் புழுவையும் ஓக் ஊர்வலப் புழுவையும் பொதுச்சுகாதாரச் சட்டத்தில் சேர்த்தது. அங்குள்ள சொற்களைக் கவனியுங்கள்: 'எவற்றின் பெருக்கம் மனித உடல்நலத்துக்குக் கேடோ' அந்த இனங்கள். கேடு என்ற சொல் பெருக்கத்தின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அரசாங்கக் குமாஸ்தா ஒருவர் நம் இருவரையும்விட நிதானமாக எழுதியிருக்கிறார்.

பெருக்கம் என்றதும் அடுத்த கேள்வி வருமே, பெருக்கியது யார்? 1857இல் ஒரு சட்டம் போட்டு தென்மேற்கு பிரான்ஸின் லான்ட் பகுதியின் சதுப்பு மேய்ச்சல் நிலத்தை வடித்து, கடலோரப் பைனை நட்டார்கள். பொய்க்கால் கட்டி ஆடு மேய்த்தவர்களின் பிழைப்பு போயிற்று. இன்று அங்கே ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேரில் ஒரே மரம். மலைச்சரிவுகளில் மண் சரியாமலிருக்க 1860, 1882 சட்டங்களின்கீழ் கறுப்புப் பைன். பிறகு வாகன நிறுத்தங்களில், பள்ளி வாசல்களில், சாலை வட்டங்களில் தனித்தனியாக. பெண் அந்துக்கு ஆயுள் ஓரிரு நாள், தீனியே கிடையாது. வெளிச்சப் பின்னணியில் எடுப்பாகத் தெரியும் உருவத்தை நோக்கிப் பறக்கிறது. காட்டின் விளிம்பும் தனிமரமும்தான் அதற்கு முதலில் தென்படும். அதே லான்ட் காடுகளில் பைன் வரிசைக்கு முன்னால் பிர்ச் போன்ற அகன்ற இலை மரங்களை வேலியாக வைத்த இடங்களில் தாக்குதல் குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். உருவம் மறைகிறது, மணமும் குழம்புகிறது. வெயில்படும் தெற்குமுகக் கிளைநுனியில்தான் கூடு கட்டும் என்பதால் நம் பூங்காக்களைவிட வசதியான இடம் அதற்குக் காட்டில் கிடையாது.

குளிரும் தளர்ந்துவிட்டது. பகலில் கூட்டுக்குள் 9 டிகிரிக்கு மேல் சூடேறி, இரவில் வெளியே 0 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் புழு அன்றிரவு தின்னப் போகும். அப்படிப்பட்ட இரவுகள் கூடக்கூட அது வடக்கே நகர்கிறது: 1972க்கும் 2004க்கும் இடையில் பாரிஸ் பக்கமாக 87 கிலோமீட்டர். அதற்கும் வடக்கே தனித்தனித் திட்டுகளாகவும் முளைத்திருக்கிறது. அங்கெல்லாம் அது பறந்து போகவில்லை. வேரோடு மண்ணோடு பெயர்த்து லாரியில் ஏற்றிய பெரிய பைன் மரங்களின் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் பயணம் செய்தது. ஓக் ஊர்வலப் புழு லண்டனுக்குப் போனதும் இறக்குமதி ஓக் மரக்கிளைகளில் முட்டையாகத்தான், 2006இல் கண்டுபிடித்தார்கள். ஆங்கிலக் கால்வாயின் இந்தக் கரையில் மண்ணின் பூச்சி, அந்தக் கரையில் தடைசெய்யப்பட்ட பூச்சி.

கையெழுத்தை மறந்தே போனேன். போடாதீர்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக வேண்டாம். அந்த மனு அநியாயமானது என்பதைவிட, மாதம் தப்பியது. நீங்கள் எழுதியிருப்பது பிப்ரவரியில். புழு கடைசிப் பருவத்தில் இருக்கிறது, தின்பதை நிறுத்தி இறங்கவும் தொடங்கிவிட்டது. இதற்கென்று அடிப்பது பி.டி. குர்ஸ்டாகி என்ற பாக்டீரியா. அதை இலையோடு சேர்த்துப் புழு தின்றால்தான் குடலில் வேலை செய்யும், அதுவும் இளம்புழுவில்தான். செப்டம்பர், அக்டோபரில், புழு முதல் மூன்று பருவங்களில் இருக்கும்போது, மழை வராத நாளின் மாலையில் அடித்தால் பலிக்கும். வெயில்பட்டால் சில நாளில் வீரியம் போய்விடும், மழை கழுவிவிடும். இப்போது அடிப்பது பணத்தை மரத்தில் தெளிப்பது. அக்டோபரில் அடித்தாலும் பக்கத்துச் செடிகளில் உள்ள மற்ற வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் சேர்ந்து சாகும், அதைத் தெரிந்து அடிக்க வேண்டும். மரத்தை வெட்டினால்? கூடுகளோடு விழுந்து, சுணை முற்றம் முழுக்கப் பரவும். இறங்கிய புழுக்கள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்.

இப்போது உதவுவது வளையப் பொறி. புழுக்கள் அடிமரம் வழியாகத்தான் இறங்கும். அந்த வழியில் மரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால்போல வளையத்தைக் கட்டுவார்கள், குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாத உயரத்தில். வளையத்தில் ஒரு குழாய், குழாயின் முனையில் மண் போட்ட பை. இறங்கிவரும் வரிசை வளையத்தில் முட்டி, சுற்றி, குழாயைக் கண்டுபிடித்துப் பைக்குள் போய், மண் கிடைத்த திருப்தியில் அங்கேயே புதைந்துகொள்ளும். தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். பைன் பட்டையின் ஆழ்ந்த வெடிப்புகளை நுரைப்பட்டையால் அடைக்காமல் கட்டினால் வெடிப்பு வழியே நுழைந்து கீழே போய்விடும். தாழ்ந்த கிளை ஒன்று புதரையோ சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே பாலம். பையில் மண் போட மறந்தால் புழுக்கள் தங்காமல் திரும்பி ஏறும். டிசம்பர் கடைசிக்குள் கட்டியிருக்க வேண்டும். உங்களுடையவை இறங்கத் தொடங்கிவிட்டதால் மிச்சத்தைத்தான் பிடிக்க முடியும். மிச்சமே நிறைய இருக்கும், ஆகவே நாளைக்கே கட்டச் சொல்லுங்கள். மே மாத இறுதிக்குள், அந்து வெளிவருவதற்குமுன், கையுறையும் முகமூடியும் அணிந்தவர் பையின் வாயை இறுக்கிக் கழற்ற வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும். ஓக் மரத்துக்கு இந்தப் பொறி வீண். ஓக் ஊர்வலப் புழு மண்ணுக்கு இறங்காமல் மரத்திலுள்ள கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது.

எட்டும் உயரத்துக் கூடுகளைப் பயிற்சி பெற்றவர்கள் முழு உடை, முகமூடி, கண்ணாடி, மணிக்கட்டில் ஒட்டிய கையுறையோடு கவாத்துக் கழியால் வெட்டிப் பையில் இறக்குவார்கள். யாரை அழைப்பது என்று உங்கள் நகரசபை சொல்லும். தோட்டத்தில் தீமூட்டி எரிக்க யாரையும் விடாதீர்கள், புகையோடு சுணை எழும். குழாயால் நீரைப் பீச்சி அடிக்கவும் விடாதீர்கள். மரத்தடியைச் சுற்றி நாடா கட்டி ஏப்ரல் வரை நாய், குழந்தை போகாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. இதற்கு ஒரு மனு எழுதினால் நான்கூடக் கையெழுத்திடுவேன்.

ஆகஸ்டில் தாழ்ந்த கிளைகளின் ஊசியிலைகளைப் பாருங்கள். இரண்டு இலையைச் சேர்த்துச் சுற்றி, சாம்பல் பழுப்புச் செதில் போர்த்திய உருளை, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் இருந்தால் அது முட்டைத்தொகுதி. ஒன்றில் நூற்றுக்கணக்கான முட்டை. அப்போது சுணை கிடையாது, கத்தரிக்கோல் போதும். கோடையில் தொங்கவிடும் மணப்பொறிகளை மட்டும் நம்பாதீர்கள். அவை ஆண்களைத்தான் இழுக்கும், தப்பிய ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதும். எத்தனை வருகிறது என்று எண்ணத்தான் அவை நல்லவை. இலையுதிர் காலத்தில் 32 மில்லிமீட்டர் வாய் வைத்த கூடுபெட்டிகளை மாட்டுங்கள். பெரிய பட்டாணிக்குருவி குளிர்காலத்தில் கூட்டைக் கிழித்து இந்தப் புழுவைத் தின்னும் துணிச்சல்காரப் பறவை.

எல்லாம் செய்தாலும் அடுத்த வருடமும் சில கூடுகள் வரும். ஏற்கெனவே மண்ணுக்குள் ஐந்து முதல் இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் போனவற்றில் சில இந்தக் கோடையில் வெளிவரும், சில இரண்டு மூன்று வருடம் தூங்கிவிட்டு வரும். அவற்றைத் தோண்ட ஒருவர் வருவார். ஏப்ரலில் கொண்டலாத்தி திரும்பியிருக்கும். மரத்தடி மண்ணில் நீண்ட வளைந்த அலகைச் செருகி, கூட்டுப்புழுவை உருவி, தரையில் அடித்து, தூக்கிப்போட்டு விழுங்கும். கொண்டை ஒவ்வொரு குத்துக்கும் விரிந்து மூடும். மகளுக்கு அதைக் காட்டுங்கள். சன்னல் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி வழியாக.